அம்பாஸடர் அரியர் க்ளியர் பண்ணிடுச்சு!

"முப்பத்தெட்டாயிரம். அதுக்கு மேல பைசா வராதுண்ணே. சரின்னா நாளைக்கே வந்து தூக்கிக்கிறேன்!"

காயலான் கடைக்காரர் எங்க வீட்டு ஷெட்டுல நின்னு இப்படிச் சொன்னதும் அப்பா தலையாட்டிட்டார். தம்பிக்கு பாலிடெக்னிக் அட்மிஷன். ரெண்டு மாசத்துல பணம் கட்டணும். நாலஞ்சு வருஷமா ஓடாம, கோழி முட்டையிடுற இடமா மாறிப்போன அம்பாஸடரை வெச்சு என்ன பண்றது? அப்பாவோட கணக்குல தப்பே இல்லை.

திண்ணையில உட்கார்ந்திருந்த ஐயா மட்டும் ஒரு வார்த்தை பேசலை (எங்க பக்கம் அப்பாவோட அப்பாவை 'ஐயா'ன்னுதான் கூப்பிடுவோம்). மெதுவா எந்திரிச்சுப் போனார். பானெட் மேல படிஞ்சிருந்த தூசியைத் துண்டால தட்டினார். திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்துட்டார்.

அதைப் பார்த்ததும் நான் வாயை விட்டேன். "அப்பா, ரெண்டு மாசம் டைம் குடுங்க. இன்ஜினை நான் ரெடி பண்றேன்."

அப்பா என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "மிக்ஸியை ரிப்பேர் பண்றேன்னு கழட்டி மூணு மாசமாச்சு. இன்னும் பிஸ்கட் டப்பாவுலதான் கிடக்கு!"

செம டேமேஜ்! ஆனாலும் நான் அசரலை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம், செமஸ்டர் லீவு, கையில ஸ்காலர்ஷிப் பணம், டியூஷன் எடுத்த காசு, லேப்டாப்புக்காகச் சேர்த்ததுன்னு எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. செலவு முப்பதாயிரத்துக்குள்ள. ரெண்டு மாசத்துக்குள்ள வண்டி காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குப் போயிட்டு, யாரும் தள்ளாம வீடு திரும்பணும். திரும்பலைன்னா காயலான் கடை. திரும்பிட்டா, அப்புறம் என்ன செய்யலாம்னு பேசுவோம்.

பழைய ஸ்டூடன்ட், பெரிய குடும்பம்!

ஐயா ஒரு டிரைவர். பள்ளத்தூர்ல ஒரு செட்டியார் வீட்டுல முப்பது வருஷத்துக்கு மேல வண்டி ஓட்டினவர். இந்த அம்பாஸடர் 1981 மாடல், மார்க் 4. அந்த வீட்டுக்காரங்க மொத்தமா சென்னைக்குக் குடிபோனப்போ, வீட்டு ஆச்சி சாவியை ஐயா கையிலயே குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் எங்க குடும்பத்துல நடந்த கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாத்துக்கும் இந்த வண்டிதான்.

அம்பாஸடரோட ஜாதகத்தை ஒரு தடவை பார்த்துடுவோம். இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரை அடிப்படையா வெச்சு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி மேற்கு வங்காளத்துல உத்தர்பாராவுல தயாரிச்ச கார். 1950-களோட கடைசியில ஆரம்பிச்ச உற்பத்தி, 2014 மே மாசத்தோட நின்னுபோச்சு. எங்க வண்டியில இருக்கறது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். இதே 'பி சீரீஸ்' குடும்பத்து 1489 சி.சி. இன்ஜினைத்தான் 1955-ல வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார்லயும் வெச்சிருந்தாங்க. ஆமா பாஸ்... நம்ம ஊர் கல்யாண வண்டிக்கும், இங்கிலாந்து ரேஸ் பிரியர்களோட டார்லிங்குக்கும் ஒரே ரத்தம்!

சிலிண்டரோட விட்டம் 73.025 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். சிலிண்டர் நாலு. கால்குலேட்டர் இருந்தா தட்டிப் பாருங்க, 1489 சி.சி. கரெக்டா வரும். இந்த 73.025-ங்கிற நம்பரைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி நான் பல்ப் வாங்கப் போறது இதுலதான்.

முதல்ல மெடிக்கல் செக்-அப்

பல வருஷமா நின்ன இன்ஜினை எடுத்ததும் செல்ஃப் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள்ள துரு பிடிச்சு ரிங் ஒட்டியிருந்தா எல்லாம் கீறிடும். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி, ஓட்டை வழியா ஆயிலும் டீசலும் கலந்து ஊத்தி ரெண்டு நாள் ஊறவிட்டேன். மூணாவது நாள் முன்பக்கம் ஹேண்டிலை மாட்டி, தம்பியும் நானும் மூச்சைப் பிடிச்சுச் சுத்தினோம். 'கர்ர்ர்'னு ஒரு முனகல். சுத்திடுச்சு! இன்ஜின் சீஸ் ஆகலை.

அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட். பிளக் ஓட்டையில கேஜை வெச்சு, இன்ஜினைச் சுத்தவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருதுன்னு பார்க்கறது. எங்க வண்டியோட மார்க் ஷீட்: முதல் சிலிண்டர் 110, ரெண்டாவது 105, மூணாவது 60, நாலாவது 95. எல்லாமே பி.எஸ்.ஐ. அளவு. மூணாவது சிலிண்டர் க்ளீன் அரியர்!

இங்க ஒரு சூப்பர் டெக்னிக் இருக்கு. ஃபெயிலான சிலிண்டருக்குள்ள ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி டெஸ்ட் பண்ணணும். நம்பர் ஏறினா, ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். ஏன்னா அந்த ஆயில் கொஞ்ச நேரத்துக்கு இடைவெளியை அடைச்சிடும். ஏறலைன்னா வால்வு மேலயோ ஹெட் கேஸ்கெட் மேலயோ சந்தேகப்படணும். எங்க மூணாவது சிலிண்டர் 60-லிருந்து 100-க்கு ஏறிச்சு. ஆக, போர் தேய்ஞ்சிருக்கு. வண்டி ஓடின கடைசி நாள்கள்ல பின்னாடி நீலப் புகை தள்ளினதுக்கும் அதுதான் காரணம்.

வாடகைக்கு செயின் பிளாக் எடுத்து, இன்ஜினை இறக்கி, ஒவ்வொரு நட்டையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டுப் பேர் எழுதி, ஒவ்வொரு ஸ்டெப்பையும் மொபைல்ல போட்டோ எடுத்து... நான் ஏதோ ராக்கெட் விடப்போற ரேஞ்சுக்கு பில்டப் குடுத்துட்டிருந்தேன். ஐயா தூரத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தார். நானும் அவரை ஒரு ஆடியன்ஸாத்தான் நினைச்சுட்டிருந்தேன்.

பிஸ்டன் போட்ட டான்ஸ்

போர் தேய்ஞ்சா என்ன பண்ணணும்? லேத் பட்டறையில குடுத்து சிலிண்டரைக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு, அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். இது பாடப்புத்தகத்துலயே இருக்கு. சென்னையில படிக்கிற ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன். அவ புதுப்பேட்டைக்குப் போய் அலைஞ்சு, 'இருபது ஓவர்சைஸ்' பிஸ்டன் செட் ஒண்ணு வாங்கி அனுப்பினா. ஒரிஜினல் அளவைவிட ஒரு இன்ச்சுல ஆயிரத்துல இருபது பங்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர் பெருசு. விலை 5,200 ரூபாய். 'சீப்பா முடிச்சுட்டோம்ல'ன்னு எனக்கு நானே கைகொடுத்துக்கிட்டேன்.

லேத் பட்டறை மேஸ்திரி பிஸ்டனைக் கையில வாங்கினார். எங்க பிளாக்கைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாம பிஸ்டனை அப்படியே சிலிண்டருக்குள்ள விட்டார். கடையவே இல்லை... ஆனா பிஸ்டன் 'லொடக்'குன்னு உள்ளே போய், சொம்புக்குள்ள விழுந்த எலுமிச்சம்பழம் மாதிரி ஆடுச்சு!

"பாப்பா, போரை அளந்துட்டு பிஸ்டன் வாங்கினியா... இல்ல, பிஸ்டனை வாங்கிட்டுப் போரை அளக்க வந்தியா?"

பட்டறையில இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. நான் 'ஙே'ன்னு நின்னேன். மெட்ராலஜி பேப்பர்ல 'ஓ' கிரேடு வாங்கினவ நான். அளவெடுக்கறதைப் பத்தியே ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சு, பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினவ. அளக்காம வந்து நிக்கிறேன்!

மேஸ்திரி எங்க பழைய பிஸ்டனை எடுத்து, தலையில படிஞ்சிருந்த கரியை பிளேடால சுரண்டினார். கரிக்கு அடியில மூணு எண்கள் தெரிஞ்சுது. 040. அதாவது ஏற்கெனவே நாற்பது ஓவர்சைஸ் போட்டாச்சு. 73.025 இருக்க வேண்டிய போர், கடைஞ்சு 74-ஐத் தாண்டி, அதுக்கு மேலயும் தேய்ஞ்சு கிடக்கு. நான் கொண்டுபோன பிஸ்டன் 73.53. ஆடாம என்ன செய்யும்?

"இதுக்கு மேல கடைஞ்சா சுவர் தாங்காது. நாலுக்கும் லைனர் இறக்கணும்."

லைனர்ங்கறது வேற ஒண்ணுமில்லை. எங்க சிவகங்கை மாவட்டத்துல இருக்கற கீழடியில உறைகிணறு பார்த்திருப்பீங்களே... மண்ணு சரியாம இருக்க சுடுமண் உறையை வட்டம் வட்டமா இறக்கியிருப்பாங்க. அதே மாதிரி சிலிண்டருக்குள்ள புதுசா ஒரு இரும்பு உறையை இறுக்கி இறக்கி, அதைத் திரும்பவும் ஒரிஜினல் 73.025-க்குக் கடையறது. வேலை நல்ல வேலைதான். ஆனா நாலுக்கும் சேர்த்து 6,400 ரூபாய். அதுக்கேத்த ஸ்டாண்டர்டு சைஸ் பிஸ்டன் செட் தனியா 5,800. என் பட்ஜெட் பிஸ்டன் மாதிரியே ஆட ஆரம்பிச்சுடுச்சு.

திண்ணையில உட்கார்ந்திருந்த மேனுவல்

அன்னிக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்காம திண்ணையில உட்கார்ந்திருந்தேன். ஐயா பக்கத்துல வந்து உட்கார்ந்தார்.

"என்ன தாயி, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

சொன்னேன். முழுசாக் கேட்டார். அப்புறம் உள்ளே போய் ட்ரங்க் பெட்டியைத் திறந்து, அட்டை கிழிஞ்ச ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து மடியில போட்டார்.

உள்ளே வண்டி வாங்கின நாள்லேர்ந்து ஆயில் மாத்தின தேதி, போட்ட பெட்ரோல், மாத்தின டயர், பஞ்சர் ஒட்டின காசு வரைக்கும் பேனாவால எழுதியிருந்துச்சு. பக்கத்தைப் புரட்டினேன். '1989 தை - போர் 20.' இன்னும் புரட்டினேன். '1996 ஆவணி - போர் 40, கிராங்க் 10. இனி போர் போட இடமில்லை. அடுத்து லைனர்தான்.'

நான் ஐயாயிரத்து இருநூறு ரூபாய் குடுத்துக் கத்துக்கிட்ட பாடம், ஒத்தை வரியில முப்பது வருஷமா ட்ரங்க் பெட்டிக்குள்ள இருந்திருக்கு!

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியா தாயி?"

கோபமா கேட்கலை. சாதாரணமாத்தான் கேட்டார். அதனாலதான் அதிகமா வலிச்சுது. நாப்பது வருஷம் அந்த இன்ஜினைக் காதால கேட்டு வளர்த்த மனுஷன் பத்தடி தூரத்துல இருக்கார். நான் வீடியோ பார்த்தேன், புத்தகம் பார்த்தேன், சென்னைக்கு போன் போட்டேன். அவரைக் கேட்கணும்னு தோணவே இல்லை. அவரும் தானா வந்து சொல்லலை. கேட்காத இடத்துல சொல்லாதது டிரைவர் வேலையில பழகின பழக்கம்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

இந்தக் கணக்கெழுதுற பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன். "செட்டியார் வீட்டுச் சோறு"ன்னு சிரிச்சார். பர்மா, மலாயா, இலங்கைன்னு போய் லேவாதேவி பண்ணின நகரத்தார் கடைகள்ல, சின்ன வயசுலயே வேலைக்குச் சேர்ற 'பெட்டியடிப் பையன்' கணக்கெழுதிப் பழகித்தான் 'அடுத்தாள்' ஆவான், அப்புறம் 'மேலாள்' ஆவான். அந்த வீடுகள்ல செலவான ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி உண்டு. அந்த வீட்டு டிரைவருக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கிச்சு.

மறுநாள் காலையில நாற்காலியை ஷெட்டுக்குள்ள போட்டேன். ஐயா மேலாள். நான் பெட்டியடிப் பையன்... ஸாரி, பொண்ணு!

எதை மாத்தக் கூடாது?

அதுக்கப்புறம் வேலை நடந்த விதமே மாறிப்போச்சு. நான் முதல்ல போட்டு வெச்சிருந்தது 'எதெல்லாம் புதுசா வாங்கணும்'னு ஒரு லிஸ்ட். ஐயாவும் மேஸ்திரியும் சேர்ந்து போட வெச்சது 'எதையெல்லாம் மாத்தக் கூடாது'ன்னு ஒரு லிஸ்ட். கையில காசு கம்மியா இருக்கறவனுக்கு ரெண்டாவது லிஸ்ட்தான் முக்கியம். அதை எழுத ஒரே வழி, அளந்து பார்க்கறது.

கிராங்க் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டர்ல அளந்தோம். நோட்டுல எழுதியிருந்த பத்து அண்டர்சைஸ் அப்படியே இருந்துச்சு. வட்டமும் கெடலை. கடைய வேண்டாம், பாலிஷ் மட்டும் போதும். கேம் ஷாஃப்ட், ராக்கர், ஆயில் பம்ப் மூணும் அளவுல பாஸ். தொடலை. அந்தக் காசு பேரிங்குக்குப் போச்சு. மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், ரிங், கேஸ்கெட், டைமிங் செயின், வாட்டர் ஜாக்கெட்டோட துருப்பிடிச்ச அடைப்பு மூடிகள்... இதுலயெல்லாம் கை வைக்கக் கூடாதுன்னு மேஸ்திரி கண்டிஷனா சொல்லிட்டார்.

வால்வு விஷயம்தான் சுவாரஸ்யம். இந்த இன்ஜின் பிறந்த காலத்துல பெட்ரோல்ல ஈயம் கலந்திருக்கும். அது வால்வும் அது உட்கார்ற சீட்டும் ஒட்டித் தேயாம ஒரு மெத்தை மாதிரி காப்பாத்தும். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். காத்துக்கும் நம்ம நுரையீரலுக்கும் அது ரொம்ப நல்லது. பழைய இன்ஜினோட எக்ஸாஸ்ட் சீட்டுக்குத்தான் கஷ்டம். கெட்டியான சீட் வளையம் பதிச்சா நிரந்தரத் தீர்வு. ஆனா பட்ஜெட் இடிச்சுது. எங்க சீட் இன்னும் நல்லாவே இருந்ததால, ரெண்டு எக்ஸாஸ்ட் வால்வை மட்டும் மாத்தி, பேஸ்ட் போட்டு அரைச்சு, மண்ணெண்ணெய் ஊத்தி ஒழுகுதான்னு பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கலை!

பெட்ரோல் இன்னொரு வேலையும் வெச்சுது. 2025-ல நம்ம பங்க் பெட்ரோல்ல 20 சதவிகித எத்தனால் கலப்பு வந்தாச்சு. 1981-ல செஞ்ச ரப்பர் ஹோஸுக்கு எத்தனால் ஆகாது. ஊறி, வெடிச்சு, கசியும். சூடான இன்ஜின் மேல பெட்ரோல் கசிஞ்சா என்னாகும்னு சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்ப்ரெட்டர் வாஷர் எல்லாத்தையும் எத்தனால் தாங்கறதா பார்த்து மாத்தினோம். 1,450 ரூபாய்.

காசே செலவாகாத வேலைதான் பெண்டை நிமிர்த்திடுச்சு. சுத்தம் பண்றது! போர் கடைஞ்ச பிறகு கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூளும் கல்லுத் தூளும் சுவர்ல ஒட்டியிருக்கும். பெட்ரோல்ல துடைச்சா போகாது. சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்க்கணும். வெள்ளைத் துணியால துடைச்சா துணி வெள்ளையாவே வரணும். ஐயா தன்னோட பழைய வெள்ளை யூனிஃபார்மைக் கிழிச்சுக் குடுத்தார். பத்தொன்பதாவது துண்டு வெள்ளையா வந்துச்சு. உடனே ஆயில் தடவிட்டோம், இல்லேன்னா ராத்திரிக்குள்ள துரு பூத்துடும்.

இப்படி இருக்கறதை வெச்சு ஓட்டறதுல உலக சாம்பியன் கியூபாதான். 1960-களோட தொடக்கத்துல அமெரிக்கா வர்த்தகத் தடை போட்ட பிறகு, அங்க இருந்த பழைய அமெரிக்க கார்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வரத்து நின்னுபோச்சு. வேற வண்டி இன்ஜினை மாட்டி, பார்ட்ஸைத் தானே கடைஞ்சு, இன்னிக்கும் ஹவானா தெருவுல ஓட்டிட்டிருக்காங்க. அவங்களோட ஒப்பிட்டா நமக்கு லக்குதான். பிஸ்டன் செய்ய 1949-லயே சென்னையில இந்தியா பிஸ்டன்ஸ் ஆரம்பிச்சுட்டாங்க. 1959-ல வால்வு செய்ய ரானே. நம்ம மாநிலமே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை!

டமார்!

அந்த நாளும் வந்துச்சு. பிளக் போடாமலேயே இன்ஜினைச் சுத்தவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறுற வரைக்கும் காத்திருந்தோம். புது பேரிங் காய்ஞ்ச வாயோட ஓடக் கூடாது இல்லையா? அப்புறம் பிளக், ஒயர், பெட்ரோல். தெருவே வேடிக்கை பார்க்க, சாவியைத் திருப்பினேன்.

'டமார்!'

சைலன்ஸர்ல வெடிச்ச வெடியில ஷெட்டுக் கோழி மொத்தமும் பக்கத்து வீட்டுக்கு இடம்பெயர்ந்துடுச்சு. ரெண்டாவது தடவை கார்ப்ரெட்டர் வழியா தீ எட்டிப் பார்த்துச்சு. எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. ரெண்டு மாசத்துல மிச்சம் ஒரே வாரம்தான்.

இந்தத் தடவை நான் மொபைலை எடுக்கலை. நேரா திரும்பி, "ஐயா?"ன்னேன்.

"ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு சரியா மாட்டினியா?"

"மாட்டினேன் ஐயா. நாலு தடவை பார்த்துட்டேன்."

"அப்ப டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுத்து மாறி உக்காந்திருக்கு. எந்த பிளக்குக்கு நெருப்பு போகணுமோ அதுக்குப் போகாம எதிராளுக்குப் போகுது."

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல பிஸ்டன் ரெண்டு தடவை மேலே வரும். ஒண்ணு கம்ப்ரெஷனுக்கு, ஒண்ணு புகையைத் தள்ள. நான் இரண்டாவதைப் பார்த்து டைமிங் வெச்சிருக்கேன். பரீட்சையில டயகிராமோட எழுதுற அதே விஷயம்! சரிபண்ணி மறுபடி சாவியைத் திருப்பினேன். ரெண்டு இருமல். அப்புறம்... 'தட தட தட'ன்னு பிடிச்சுது பாருங்க. தம்பி விசில் அடிச்சான். அப்பா கதவோரம் நின்னு மூக்கை உறிஞ்சினார். கேட்டா தூசியாம்!

ஐயா கண்ணை மூடிக் கேட்டுட்டு சொன்னார்: "ரெண்டாவது டேப்பட் கொஞ்சம் சத்தம். சூடானதும் பாரு."

குன்றக்குடி வரைக்கும்

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். புது ரிங் படியிற வரைக்கும் விரட்டக் கூடாது. ஐம்பதுக்குள்ளயே போனோம். சைக்கிள்காரர் ஒருத்தர் கூடவே வந்து விசாரிச்சுட்டுப் போனார்!

கிளம்புறதுக்கு முன்னாடி நான் பின்பக்கக் கதவைத் திறந்து, "இன்னிக்கு நீங்க முதலாளி. பின்னாடி உக்காருங்க ஐயா"ன்னேன். முப்பது வருஷம் அந்த சீட்டுல மத்தவங்களை உட்கார வெச்சு ஓட்டினவராச்சே. நான் ஒரு சினிமா சீனை எதிர்பார்த்தேன்.

"பின்னாடி உக்காந்தா டெம்பரேச்சர் முள்ளு தெரியாது"ன்னு சொல்லிட்டு முன்சீட்ல ஏறிட்டார்.

மலையடிவாரத்துல இறங்கி, அங்கிருந்தே முருகனைக் கும்பிட்டுட்டு திரும்பினோம். யாரும் தள்ளலை. அரியர் க்ளியர்!

கடைசிக் கணக்கு

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருக்கும். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கே. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம். 2022 ஏப்ரலுக்கு முன்னாடி இதுக்கு 600 ரூபாய். அப்புறம் 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி, இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000. இன்சூரன்ஸ், மத்த செலவெல்லாம் 4,700. ஐயா தன் சேமிப்புலேர்ந்து எடுத்துக் குடுத்தார்.

இன்ஜினுக்கு ஆன மொத்தச் செலவு 32,300. தப்பா வாங்கின பிஸ்டனை 3,500-க்கு வித்தது போக, என் முட்டாள்தனத்துக்கான ஃபைன் 1,700. பேட்டரி மட்டும் 4,200. பட்ஜெட்டைவிட 2,300 ரூபாய் அதிகம். இதைக் கேட்டு அப்பா சிரிச்சுட்டார். "அரசாங்க டெண்டரைவிட நீ பரவாயில்லை."

தம்பிக்கு ஃபீஸ் கட்டணும். வருஷா வருஷம் வண்டிக்கும் செலவு பண்ணணும். ரெண்டும் எங்க வீட்டால முடியாது. வண்டியை வித்துடலாம்னு சொன்னது அப்பா இல்லை, ஐயா. "காயலானுக்குத்தான் குடுக்கக் கூடாது. ஓட்டறவனுக்குக் குடுக்கலாம்."

கோயம்புத்தூர்லேர்ந்து பழைய கார் பிரியர் ஒருத்தர் வந்தார். ஓட்டிப் பார்த்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதுக்கப்புறம் பேரமே பேசலை. 1,10,000 ரூபாய். செலவு 47,000 போக 63,000. காயலான் கடை விலையைவிட 25,000 அதிகம். "ரெண்டு மாசத்துக்கு இருபத்தஞ்சாயிரம். கேம்பஸ்ல செலக்ட் ஆனாக்கூட ட்ரெயினிங்ல இதைத்தான் தருவான்"னு தம்பி கமென்ட் அடிச்சான்.

வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ஐயா நோட்டை என்கிட்ட நீட்டினார். "கடைசி வரியை நீ எழுது. கணக்கு வண்டியோட போகணும்."

எழுதினேன். 'லைனர் நாலும் புதுசு. போர், பிஸ்டன் ஸ்டாண்டர்டு. கிராங்க் 10, கடையலை. எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டு புதுசு, சீட் பழசு. டேப்பட் இடைவெளியை மாசம் ஒரு தடவை பார்க்கவும்.' நல்லது மட்டும் எழுதி, மாத்தாம விட்டதை மறைச்சிருந்தா அது கணக்கே இல்லைன்னு ஐயாவோட நோட்டைப் படிச்சதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

வண்டி தெருமுனை திரும்பற வரைக்கும் ஐயா வாசல்ல நின்னார். சத்தத்தைக் கேட்டுட்டு, "டேப்பட் சத்தம் போயிருச்சு"ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. நானும் பேசலை.

கரியைச் சுரண்டின அந்த 040 பிஸ்டன் இப்போ என் மேஜையில பேனா ஸ்டாண்டா இருக்கு. ஒவ்வொரு தடவை பேனா எடுக்கும்போதும், 'அளந்தியா?'ன்னு மேஸ்திரியும், 'கேட்டியா?'ன்னு ஐயாவும் கேட்கற மாதிரியே இருக்கும்.

ஆனா அப்பா கேட்கறது வேற கேள்வி. "அம்பாஸடர் ஓடிருச்சு, சரி... மிக்ஸி எப்போ?"